சன்னலுக்குக் கீழே ஈரம்

தலையணையை நிமிர்த்தி வைக்கப் போனபோது அம்மாவின் கை சுவரில் பட்டது. சுவர் உள்ளே அமுங்கியது.

கையை எடுத்துவிட்டு மறுபடி ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். சன்னலுக்குக் கீழே ஒரு தட்டு அகலத்துக்குப் பலகை ஊறிப்போயிருந்தது, டீயில் நனைத்த பிஸ்கட்டைப் போல. மேலே ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் மட்டும் எதுவும் தெரியாததுபோலப் பளிச்சென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். பழைய துணி மூட்டையின் வாசனை.

காலையில் வந்து இறங்கியதிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். இரண்டு வருடமாக மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "விலாசமே இல்லாத வீட்டுக்கு எப்படிடி வர்றது? போன மாசம் இருந்த இடத்துக்குத் தேடி வந்தா வெறும் ரோடுதான் இருக்கும்" என்று அம்மா தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். மகளுக்கு மண் பரிசோதனை வேலை. எங்கே பாலம் கட்டுகிறார்களோ அங்கே போக வேண்டும். கல்யாணம் ஆனதும் மருமகன் தன் வேலையைக் கணினிக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு பழைய கேரவனை வாங்கிவிட்டான். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் ஒரே வண்டிக்குள். பொண்டாட்டி பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறான் என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிடும். அவள் வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. மகளை எப்படியாவது மாற்றல் கேட்கச் சொல்லி, அந்த மாடிக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. சும்மா "எனக்குத் தனியா இருக்கு" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

இப்போது காரணம் விரல்நுனியில் ஈரமாக இருந்தது.

அவள் கொண்டுவந்த பை இன்னும் கதவோரம்தான் இருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவேன் என்று வந்தவுடன் சொல்லியிருந்ததால் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

மருமகன் வண்டியின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்திருந்தான். ஒரு வாரமாகப் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. மழை விட்டதும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது அவன் வழக்கமாம். ஒவ்வொரு பேனலையும் கட்டைவிரலால் அழுத்தினான், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பவனைப் போல. சாமான் அறையின் மூடியைத் திறந்து, ரப்பர் விளிம்பைத் துடைத்து, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடித் திறந்து மறுபடி மூடினான். குளிர்பெட்டிக்குப் பின்னால் காற்று போய்வரும் மூடியைக் கழற்றி, அதன் இடுக்குகளில் சிலந்தி கட்டியிருந்ததை ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான்.

"பழைய பிரஷ்ஷா, மாப்ள?"

"உங்க பொண்ணோடது, அத்தே." குரலைத் தாழ்த்தினான். "பழசாயிடுச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த காரியம் நினைவுக்கு வர, அதை அடக்கிக்கொண்டாள்.

"உள்ள தண்ணி கிண்ணி இறங்காதா?"

"ஒரு சொட்டு இறங்காது." அவன் எழுந்து, கட்டிலுக்கு நேரே இருந்த சன்னலைக் காட்டினான். "நீங்க வர்றேன்னு சொன்னதும் போன மாசமே இந்தச் சன்னலுக்கு மட்டும் ரெண்டு தடவை சிலிகான் பூசினேன். நீங்க இங்கதான படுக்கணும்? மழை பேஞ்சு மூஞ்சில தெறிச்சா அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டீங்க."

சன்னல் சட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பசை ஓடியது. கேக்குக்குப் பூ வைப்பவன்கூட இவ்வளவு பொறுமையாகச் செய்யமாட்டான். விரலால் நீவி நீவி வழவழப்பாக்கியிருந்தான். அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். சட்டத்தின் அடிவிளிம்பில், பசைக்குள் மூழ்கி, மூன்று சின்னப் பள்ளங்கள் தெரிந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வீட்டு அலுமினியச் சன்னல்களிலும் இதே போன்ற துளைகள் உண்டு. சட்டத்துக்குள் புகுந்த மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்கான வழி அது. தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்பக்கம் வழிந்து சுவர் ஊறும். துடைக்கும்போதெல்லாம் கொண்டை ஊசியால் குத்திவிடுவாள். இவன் அதையும் ஓட்டை என்று நினைத்து அடைத்திருக்கிறான். அவள் நனையக் கூடாது என்று, இரண்டு தடவை.

"எப்படி அத்தே?" என்று கேட்டான். மார்க் எதிர்பார்க்கும் பையனின் முகம்.

சொல்லிவிடலாம். உள்ளே கூட்டிப்போய்ச் சுவரை அழுத்திக் காட்டினால் போதும். மகள் வரும்போது விஷயம் தானாக முடிந்திருக்கும்.

"நல்லா வழவழன்னு இருக்கு" என்றாள் அம்மா.

அவன் மலர்ந்துபோனான். கூரை மேலிருக்கும் மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினான். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய கால்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் கையை விட்டாள். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி முதல் பள்ளத்தில் குத்தினாள். பசை ரப்பராக வளைந்துகொடுத்தது. இன்னும் அழுத்தி, நெம்பி இழுத்தாள். வெள்ளைப் புழுவாக ஒரு துண்டு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் பழுப்பாகக் கொட்டி, அவள் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை ஓடியது. இவ்வளவு தண்ணீரையா இந்தச் சன்னல் வாயை மூடிக்கொண்டு வைத்திருந்தது?

"அத்தே?"

கூரை விளிம்பில் அவன் முகம் தலைகீழாகத் தெரிந்தது. தண்ணீரைப் பார்த்தான். ஊசியைப் பார்த்தான். இறங்கிய வேகத்தில் கடைசிப் படியைத் தவறவிட்டுத் தடுமாறினான். பிறகு உள்ளே ஓடினான். பலகையை அவன் அழுத்தும் சத்தம் சுவரின் இந்தப் பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டது. ஒருமுறை. கொஞ்சம் தள்ளி இன்னொருமுறை.

வெளியே வந்தபோது அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"நான்தான் அடைச்சிருக்கேன்."

"ம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா கொண்டையில் மிச்சமிருந்த ஊசியையும் உருவி நீட்டினாள். "கடைசிப் பள்ளத்தை நீங்க பாருங்க. மெதுவா. சட்டத்துல கீறல் விழக் கூடாது."

இருவரும் ஒரே சன்னலுக்குக் கீழே தோளும் தோளும் இடிக்க நின்று நோண்டினார்கள். அவன் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. அவனுக்கு அம்மா இல்லை என்பது, எப்போதோ கேட்டு மறந்தது, ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

மண் ஒட்டிய பூட்ஸோடு மகள் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"என்ன நடக்குது இங்க? மாமியாரும் மருமகனும் திருடப் போறீங்களா?"

"சன்னல் துடைக்கிறோம்" என்றாள் அம்மா, திரும்பாமலே. "உள்ள போய்க் கை கால் கழுவு."

"இல்லடி" என்றான் அவன். "அத்தை என்னைக் காப்பாத்தப் பாக்கறாங்க. தண்ணி வடியற வழியை நான் அடைச்சுட்டேன். உள்சுவர் ஊறிப்போச்சு. பலகையைக் கழட்டிக் காயப்போடணும். அத்தைக்குன்னு வெச்சிருந்த கட்டில்ல இன்னிக்குப் படுக்க முடியாது."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மறைக்க ஒரு வழி கொடுத்திருந்தாள்; அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் சிரிக்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அம்மா என்ன சொல்வாளோ என்று சின்ன வயதில் கதவோரம் நின்று பார்க்கும் அதே பார்வை. மாடி காலியாக இருக்கிறது என்ற வாக்கியம் அம்மாவின் நாக்கில் முழுசாக இருந்தது.

"அப்ப நான் எங்கடி படுக்கறது?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான், பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அவளுக்கே உறைத்தது.

"என்கூட" என்றாள் மகள் உடனே. "இவன் டிரைவர் சீட்டுல படுத்துக்குவான். அடைச்சவன் அனுபவிக்கட்டும்."

"கட்டின புருஷனை அவன் இவன்னு..."

"அப்படித்தான் கூப்பிடுவேன். நீ பையைக் கொடு." மகள் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவோரம் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குளியலறையில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. "ஏய், என் பிரஷ் எங்கடா?"

மருமகன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சன்னலைப் பார்த்தாள்.

ஊசிகள் இரண்டும் போனதில் அவளுடைய கொண்டை மெல்லச் சரிந்து, முடி முதுகில் பிரிந்து விழுந்தது. அள்ளி முடியக் கை வரவில்லை. மழைக்குப் பிந்திய வெயில் வண்டியின் வெள்ளைப் பேனலில் அடித்தது. மூன்று துளைகளிலிருந்தும் தண்ணீர் நூல் நூலாக இறங்கி, தூசியைக் கழுவிக்கொண்டு, அவன் இவ்வளவு நேரம் துடைத்துவைத்த சாமான் அறை மூடியின் மேல் சொட்டியது. அவன் அதைத் துடைக்கப் போனான்.

"இருங்க மாப்ள" என்று அவன் கையைப் பிடித்தாள் அம்மா. "இன்னும் வருது."