ஒரே சட்டியில் நாலு பேருக்கு

"நாலு துண்டா? எப்பவும் ரெண்டுதானே வாங்குவீங்க?" மீன்கடை அக்கா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமியார் இன்னைக்குக் கிளம்பறாங்க" என்றான் பிளம்பர்.

"நல்ல கூத்து! ஊர்ல எல்லாரும் மாமியார் வந்தா மீன் வாங்குவாங்க, போனா மிட்டாய் வாங்குவாங்க. நீங்க தலைகீழா இருக்கீங்களே தம்பி!"

அவனும் சிரித்து வைத்தான். முள்ளை எடுத்துவிட்டு, தோலை மட்டும் விட்டு, கனமாகப் போடச் சொன்னான். தோல் இருந்தால்தான் துண்டு உடையாமல் நிற்கும். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அந்த அக்காவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மாமியார் பெற்ற பெண் இப்போது அவனுக்குப் பெண்டாட்டி இல்லை.

நடந்தது இதுதான். அவன் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், "நான் போறேன். ரெண்டு வருஷமா இதைச் சொல்லப் பார்த்தேன், நீ உட்கார்ந்து கேட்கவே இல்லை" என்றாள். அதே கடையில் லென்ஸ் தேய்க்கிறவரோடு போனாள். அவன் அன்றைக்கும் வேலைக்குப் போனான். நான்கு வீட்டுக் குழாய்களைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால், வீட்டில் அவளுடைய செருப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது.

அப்போது அவள் அம்மா பின்னறையில் இருந்தார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் செய்துகொண்டு, நடக்கப் பழகும்வரை இருக்கலாம் என்று வந்தவர். ஒரு வாரம் கழித்து அவரைக் கூட்டிப்போக மகள் வந்தாள். அத்தை ஊன்றுகோலைக் கதவுக்குக் குறுக்கே நீட்டி, "நீ செஞ்சதுக்கு நான் எதுக்குடி பெட்டியைத் தூக்கணும்? எனக்கு இந்த வீட்ல ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள் கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது மூன்று வருஷம் ஓடிவிட்டது. பெண்டாட்டி போய் மாமியார் தங்கின வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று மாடிப்படியில் பேச்சு. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று இருவரும் காதை மூடிக்கொண்டார்கள்.

முதல் மாதம் இருவருமே முகம் கொடுத்துப் பேசவில்லை. கடை ரொட்டி, கடை டீ. ஒரு சாயங்காலம் அத்தைதான் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, நாம ரெண்டு பேரும் பட்டினி கிடந்தா அவ திரும்பி வந்துடுவாளா?"

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். பதினோரு வருஷத்தில் அந்த அடுப்பை அவன் பற்றவைத்ததே கிடையாது. கண்ணில் பட்ட பெரிய சட்டியை எடுத்து, இருந்த உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி, மீன் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டி மூடினான். மீன் கரைந்து கூழாகிவிட்டது. அத்தை ஒரு துண்டைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார். "மீன் மேலுலகம் போயிடுச்சு. உருளைக்கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கு, மாப்பிள்ளை."

அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவன் பிடிவாதமாகச் செய்து செய்து பார்த்தான். எது எவ்வளவு நேரம் கேட்கிறது என்று பார்த்து வரிசை கட்டினான். வாரத்தில் இரண்டு நாள் இந்த ஒரே சட்டிச் சாப்பாடுதான். கழுவுவதற்கும் ஒரு பாத்திரம்தான்.

இடையில் விவாகரத்துக் காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டான். அவளும் லென்ஸ்காரரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும் காதுக்கு வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒன்றை மட்டும் அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா இருக்கிற வீட்டுக்கு மகள் என்றைக்காவது வந்துதானே ஆகவேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அத்தைக்குப் போன் செய்வாள். அந்த நேரத்தில் அவன் பக்கத்து அறையில் எதையாவது கழற்றி மாட்டுவதுபோல் உட்கார்ந்திருப்பான். அவளுக்கு ஜலதோஷம், வீடு மாறினது, பல் பிடுங்கினது எல்லாம் அப்படித்தான் அவனுக்குத் தெரியும். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து வாசல்படியில் நின்றார்.

"மாப்பிள்ளை, நம்ம பாப்பா முழுகாம இருக்கா. எட்டாம் மாசம்."

சட்டி கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது.

"டாக்டர் வீட்டு வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். கூட ஆள் வேணும். இத்தனை நாள் உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை."

குழந்தைக்காக எட்டு வருஷம் அவனும் அவளும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. அவன் குழாயை மூடினான். "நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கா."

"அப்ப நீங்க போங்க அத்தை. போய்த்தான் ஆகணும்."

சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இவன்தான் சொன்னான். சொன்ன பிறகு நான்கு நாளாக அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

சனிக்கிழமை நாலரைக்கு வேலையை ஆரம்பித்தான். உருளைக்கிழங்கை வட்டமாக, மெல்லிசாகச் சீவினான். சட்டியில் எண்ணெய் விட்டு, நாலு பல் பூண்டைத் தட்டிப்போட்டு, கிழங்கை அடியில் பரப்பி, உப்புத் தூவி, கையளவு தண்ணீர் தெளித்து மூடினான். கிழங்குக்குத்தான் நேரம் வேண்டும். அதற்குமேல் கேரட், பீன்ஸ். அத்தை முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கித் தருவதாகப் பேர்.

"அத்தை, அந்த ஒரு பீன்ஸையே அஞ்சு நிமிஷமா நறுக்கறீங்க."

"முடிஞ்சா எழுந்து கிளம்பணுமே" என்றார் அத்தை, தலையைத் தூக்காமல்.

அவன் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டான். வெங்காயத்தையும் குடமிளகாயையும் போட்டான். தக்காளியை நாலாக வகுந்து ஓரமெல்லாம் செருகினான். கிழங்கு முக்கால்வாசி வெந்ததும் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவி வைத்திருந்த நாலு துண்டு மீனையும், காய்கறிமேல் தோல் அடியில் இருக்கும்படி படுக்கவைத்தான். தீயைக் குறைத்து மூடினான். இனிக் கரண்டிக்கு வேலையில்லை. தக்காளி விடுகிற ஆவியிலேயே மீன் வெந்துவிடும்.

மூடியை எடுக்கும் நேரத்தில் மணி அடித்தது.

கதவைத் திறந்தான். மூன்று மாடி நின்று நின்று ஏறிவந்த மூச்சு வாங்கலோடு, வயிற்றில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக அவள் நின்றிருந்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"வா" என்றான்.

"எப்படி இருக்கீங்க?" என்றாள்.

அந்த 'நீங்க'வில் அவன் அப்படியே நின்றுவிட்டான். பதினோரு வருஷமும் அவளுக்கு அவன் 'நீ'. கோபம் வந்தால் 'டா', கொஞ்சினாலும் 'டா'. வீட்டைவிட்டுப் போன அன்றைக்குக்கூட 'நீ'தான். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம்தான் அவள் இப்படி 'நீங்க, வாங்க' என்று பேசுவாள்.

"இருக்கேன்" என்றான். "அவர் வரலையா?"

"கீழே கார்ல இருக்காரு. வர வேணாம்னு நினைச்சாரு."

அவரையும் கூப்பிடு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

சட்டியை அப்படியே தூக்கிவந்து மேசை நடுவில் வைத்தான். அத்தை மகளுக்குப் பரிமாறிவிட்டுத் தானும் ஒரு துண்டு போட்டுக்கொண்டார். அவள் முதல் வாய் எடுத்துவைத்தாள். உடனே இன்னொரு வாய். அப்புறம் பேச்சே இல்லை. பசித்த குழந்தைபோலச் சாப்பிட்டாள். கிழங்கின் அடியில் பிடித்திருந்த மொறுமொறுப்பைக்கூட விரலால் சுரண்டி எடுத்தாள்.

"அம்மா, இது நீ செஞ்சதா? இப்படி நீ செய்யமாட்டியே."

"நான் ஒரே ஒரு பீன்ஸ் நறுக்கினேன். அதோட சரி. எல்லாம் மாப்பிள்ளைதான்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நீங்களா? எப்ப கத்துக்கிட்டீங்க?"

"அப்புறம்தான்" என்றான்.

எதற்கு அப்புறம் என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். பாதி சாப்பிட்டதும் கை நின்றது. பார்த்தால், கண்ணீர் தட்டிலேயே விழுகிறது.

"என்னடி, என்னாச்சு? வலிக்குதா?" அத்தை பதறிப்போய் எழுந்தார்.

"ஒண்ணுமில்லைம்மா." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் திரும்பினாள். "ஒரு வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

அவன் தலையசைத்தான்.

"சுவத்தைப் பிடிச்சிக்கிட்டே வந்து சமைச்சேன். நீ சாப்பிட்டுட்டு, 'உப்பு கம்மியா இருக்கு'ன்னு சொன்ன. சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்ட."

'நீ' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். அந்த ராத்திரி அவனுக்கு அப்படியே கண்முன் வந்தது. அவள் நெற்றியில் கட்டியிருந்த ஈரத்துணி, தட்டு வைக்கும்போது நடுங்கின கை. எல்லாவற்றையும் பார்த்தும்தான் அப்படிச் சொல்லியிருக்கிறான்.

"எனக்கு அப்ப தெரியலை" என்றான்.

"தெரியும். உங்களுக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும். நான் இப்ப கோபத்துல சொல்லலை." அவள் சட்டியைப் பார்த்தாள். "இவ்வளவு நல்லா வருதே உங்களுக்கு. ஒரே ஒரு நாள்... சும்மா ஒரு நாள் செஞ்சிருந்தா..."

அத்தை மகளின் முதுகைத் தடவிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார். அவன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பி வருவாள் என்று மூன்று வருஷம் காத்திருந்தவனுக்கு, அவள் எதனால் போனாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இன்னொருத்தர் வந்து அவளைக் கூட்டிப்போகவில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே, இந்தச் சமையலறையில் தனியாக நின்று நின்றே அவள் போயிருக்கிறாள்.

அவன் எழுந்து ஒரு டப்பாவைக் கழுவித் துடைத்தான். மீதியிருந்த இரண்டு துண்டில் பெரியதாகப் பார்த்து எடுத்து, காய்கறியோடு அதில் வைத்து மூடினான்.

"இது அவருக்கு. சூடா இருக்கும்போதே சாப்பிடச் சொல்லு."

அவள் வாங்கிக்கொண்டாள். டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

படியில் இறங்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு பக்கம் அத்தையின் இடுப்பு, ஒரு பக்கம் மகளின் வயிறு. அவன் இரண்டு பெட்டிகளையும் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடி ஏறிவந்து அத்தைக்குக் கை கொடுத்தான். தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. லென்ஸ்காரர் காரைவிட்டு இறங்கிப் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்தார். ஒல்லியான, கூச்சப்பட்ட மனிதர். "ரொம்ப நன்றிங்க" என்றார். இவன் தலையசைத்தான். வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் தெம்பில்லை.

அத்தை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், "மாப்பிள்ளை, கதவைச் சாத்துங்க" என்றார்.

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

அத்தையின் முகம் வெளிறிப்போனது. இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். முன்சீட்டில் மகள் குனிந்துகொண்டாள். பிளம்பர்தான் கையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். லென்ஸ்காரர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

கண்ணாடியை இறக்கி அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேளைக்குச் சாப்பிடுங்க. ஒருத்தருக்குத்தானேன்னு அடுப்பு மூட்டாம இருந்துடாதீங்க."

"சரிங்க அத்தை."

கார் திருப்பத்தில் மறைந்தது. மேலே வந்தான். அன்றைக்கு அவன் இன்னும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டியில் அவனுடைய துண்டு ஆறிப்போய்க் கிடந்தது. தட்டு எடுக்காமல், நின்றபடியே சட்டியிலிருந்து தின்றான். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. வாயில் மீனோடு, வளர்ந்த ஆம்பிளை, சத்தம் போட்டு அழுதான்.

ஐந்து வாரம் கழித்து அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்போது அவன் யார் வீட்டிலோ கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் அத்தை. அந்தப் பழைய 'மாப்பிள்ளை' வரும் என்று அவன் காத்திருந்தான். சற்றுத் தயங்கிவிட்டு அத்தை, "தம்பி, கேட்குதா?" என்றார்.

"கேட்குதுங்க. ரொம்பச் சந்தோஷம்" என்றான்.

போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தான். அந்த வீட்டு அம்மா குனிந்து பார்த்து, "ஏங்க, பெரிய ரிப்பேருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானரைத் தேடி எடுத்தான்.