பஞ்சு ஃபில்டர்

அந்த மிஷின் மறுபடியும் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் முனியசாமி கையிலிருந்த ஸ்பேனரை வீசினான். அது தரையில் சறுக்கிக்கொண்டு போய் யஹ்யா பாயின் மேஜைக் காலில் மோதி நின்றது.

"இதை நான் தொட மாட்டேன் பாய்."

யஹ்யா பாய் கீழக்கரைக்காரர். ஷார்ஜா தொழிற்பேட்டையில் சின்ன எஞ்சின்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், தளம் வெட்டும் மிஷின் என்று எது வந்தாலும் முனியசாமியின் கைக்குத்தான் போகும். பனி தள்ளும் மிஷின் என்று அந்தக் கடைக்கு வந்தது இது ஒன்றுதான்.

"தொடாத. திருப்பி அனுப்பிடுறேன்" என்றார் பாய். "ஆனா வேற எவன்கிட்டயாவது ஒப்பேத்திட்டு நாளைக்கே உள்ள கொண்டு போயிடுவாங்க. அதுக்குப் பின்னாடி வேற ஒருத்தன் நிப்பான்."

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் அதற்குப் பின்னால் நின்றவன் முனியசாமியின் தம்பி அன்பரசன்.

ஒரு மாலுக்குள் இருந்த பனிக்கூடத்தில் அன்பரசனுக்கு வேலை. வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும்போது உள்ளே பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுவார்கள். கதவு திறக்கும்முன், காலையில் இறுகிக் கிடக்கும் பனியை அள்ளி வீசிப் பரப்ப வேண்டும். கரன்ட்டில் ஓடிய மிஷின் புகைந்துபோனதும், ஒரு வாரத்துக்கு என்று இந்த பெட்ரோல் மிஷினை வாங்கினார்கள். அந்த ஒரு வாரம் ஐந்து மாதமாக நீண்டது. ஒரு நாள் காலை அன்பரசன் அதன் கைப்பிடிமேலேயே சரிந்து கிடந்தான். இதயம் தானாக நின்றுவிட்டது, இயற்கை மரணம் என்று காகிதம் வந்தது. முப்பத்தொரு வயது. ரெண்டு மூட்டை சிமென்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியவனுக்கு இதயம் தானாக நின்றுவிட்டதாம்! அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போன முனியசாமியின் கையை பாய்தான் பிடித்து நிறுத்தினார்.

மிஷினைக் கொண்டுவந்த பனிக்கூடத்து சூப்பர்வைசர் சேதுராமன் பிக்கப்பை விட்டு இறங்காமலே பேசினார். "சும்மா ட்யூன் பண்ணிக் குடுத்தா போதும் முனியசாமி. இருமுது, ஏறி ஏறி இறங்குது, கருப்பா புகை விடுது."

முனியசாமி கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. தையல் மிஷின்போல ஒரே சீராக ஓடியது. புகையும் இல்லை, இருமலும் இல்லை. ஆளைக் கொன்றுவிட்டு எத்தனை ஒழுங்காக ஓடுகிறது என்று அதை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

"இங்க நல்ல பிள்ளையா ஓடும்" என்றார் சேதுராமன். "அங்க வந்தா பத்து நிமிஷத்துல வேலையைக் காட்டும்."

அன்பரசனும் போனில் இதையேதான் சொல்லியிருந்தான். "அண்ணே, புகை தாங்கல. தலை வலிக்குது." அன்று முனியசாமி சிரித்தான். "குளிருக்கு வலிக்கும்டா. தொப்பி போட்டுக்க. என் கைபட்ட எஞ்சின் புகை விடாது. உனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லு."

"அப்ப அங்கேயே வந்து பாக்குறேன்" என்றான் முனியசாமி சேதுராமனிடம். கம்பெனியின் குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்று அவனுக்குள் கொதித்தது.

மறுநாள் காலை பனிக்கூடத்தில் ஆணியில் தொங்கிய ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். அது யாருடையது என்று அவன் கேட்கவில்லை. மிஷினைக் கிளப்பிப் பனிக்குள் தள்ளினான். முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. வாய்க்குழல் வழியே பனி பீய்ச்சியடித்தது. அதன் பொடி மாவுபோலப் பறந்து எஞ்சின்மேல் படிந்தது. ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். சத்தம் மாறியது. திணறியது, ஏறியது, விழுந்தது. சைலன்ஸரிலிருந்து கரும்புகை வந்தது. பிளக்கா? ஜெட்டில் அடைப்பா? குனிந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

காற்றை உள்ளிழுக்கும் கார்புரேட்டர் வாயில் இருந்த பஞ்சு ஃபில்டர் வெள்ளையாக உறைந்திருந்தது. பனிப்பொடி அதில் ஒட்டி, எஞ்சின் சூட்டில் கொஞ்சம் இளகி, மறுபடி இறுகி ஓடு கட்டியிருந்தது. காற்று உள்ளே போக வழியில்லை. காற்று இல்லாமல் எரியும் பெட்ரோல் விஷத்தைத்தான் கக்கும். கடை வாசல் வெயிலில் அந்த ஓடு உருகி ஓடிவிடும். அதனால்தான் அங்கே நல்ல பிள்ளை.

கிளிப்பைத் தளர்த்திப் பஞ்சை உருவினான். ஒரு குலுக்கலோடு எஞ்சின் தெளிந்தது. புகை நின்றது.

அந்தக் கிளிப் அவன் வளைத்தது.

முதல்முறை ஆயில் மாற்ற இந்த மிஷின் கடைக்கு வந்தபோது இதில் ஃபில்டரே இல்லை. எவனோ தொலைத்திருக்கிறான் என்று திட்டினான். பதினாறு வருஷமாக மணல் காற்றில் எஞ்சின் பார்ப்பவன். ஃபில்டர் இல்லாத எஞ்சின் இந்த ஊரில் ஒரு மாதம் தாங்காது. யாரும் கேட்காமலே ஒரு தண்ணீர் பம்ப்பிலிருந்து கழற்றிப் பொருத்தினான். தம்பி ஓட்டப்போகிற மிஷின் என்று கூடுதல் அக்கறை வேறு. பனியில் ஓடும் எஞ்சினுக்கு ஃபில்டர் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் மிஷினைச் செய்தவன் வைக்காமல் விட்டிருக்கிறான் என்று, பனியே விழாத ஊரில் தொழில் செய்பவனுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்று மனசு சொன்னது. அந்த மனசை அறைய வேண்டும்போல இருந்தது. எஞ்சினை அணைத்தான். அப்போதுதான் கூடம் எத்தனை அமைதி என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தான். மேலே புகை இழுக்கும் இரண்டு பெரிய ஃபேன்கள் அசையாமல் இருந்தன. சுவரில் அவற்றின் சுவிட்சுமேல் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"ஃபேன் ஏன் சார் ஓடல?"

"ஓடினா குளிர் போயிடும். பனி இளகிடும். மேலிடத்து ஆர்டர்."

"என்னைக்கு ஒட்டின டேப்பு?"

சேதுராமன் முனியசாமியின் கையிலிருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கினார்.

"இது நீ மாட்டினது, இல்லையா? பாரு முனியசாமி, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீயும் ஃபேனைப் பத்திப் பேசாத. காகிதத்துல இயற்கை மரணம்னு இருக்கு, அப்படியே இருக்கட்டும். ஃபில்டரை எடுத்தாச்சு, கலாஸ், முடிஞ்சுது. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

முனியசாமிக்கு இந்த ஆளின் கழுத்தைப் பிடிப்பதா, தன் கழுத்தையா என்றே தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்து பிளக்கைக் கழற்றினான். சூடாக இருந்த அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டான். பஞ்சையும் பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டான். டேப் ஒட்டிய சுவிட்சைப் போனில் இரண்டு படம் எடுத்தான்.

"பிளக்கு இல்லாம எப்படிய்யா ஓட்டுறது?"

"ஓட்டாத" என்றான். "எவனையும் ஓட்டவும் விடாத. என் தம்பி வரைக்கும் போதும்."

செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. பெட்ரோல் எஞ்சினை மூடிய கூடத்தில் ஓட்டியிருக்கிறார்கள். புகை ஃபேனை டேப் ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் பம்ப் ஃபில்டரை இதில் மாட்டியது நான். அது உறைந்து எஞ்சின் விஷப்புகை விட்டது. இப்படிக்கு முனியசாமி.

கடையில் யஹ்யா பாய் அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த மூணாவது வரி இல்லாம எழுதக் கூடாதாடா? உன்னையும் சேர்த்து உள்ள வச்சிடுவான். கடை சீலும் இதுல விழணும், தெரியுமா?"

"அந்த வரி இல்லன்னா மத்த ரெண்டையும் எவன் பாய் நம்புவான்? அவங்க கையில இருக்கிறது அது ஒண்ணுதானே. அதை நானே சொல்லிட்டா அவங்க எதை வச்சு என் வாயை அடைப்பாங்க?"

பாய் சீலைக் கையில் உருட்டினார். பிறகு மேஜை அதிர அதைக் கார்டில் குத்தினார். "யல்லா, நட. போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன். உன் அரபியை வச்சு அங்க ஒண்ணும் ஆகாது."

வண்டியில் ஏறுமுன் முனியசாமி சொந்த ஊர் முதுகுளத்தூருக்குப் போன் போட்டான். தம்பி மனைவி ஜோதிமணி எடுத்தாள்.

"மிஷின்ல என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா மச்சான்?"

"தெரிஞ்சுது. நான் வச்ச கோளாறு ஒண்ணு. அவங்க அடைச்சு வச்ச ஃபேன் ஒண்ணு. எழுதிட்டேன் தாயி. போலீசுக்குப் போறதுக்கு முந்தி உனக்கு வாசிச்சுக் காட்டணும்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அழுவாள் என்று காத்திருந்தான். இரண்டும் வரவில்லை. எதையோ தேடி மேஜை டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மெதுவா வாசிங்க" என்றாள். குரல் கல்லாக இருந்தது. "ஒரு வார்த்தை விடாம வாசிங்க. நானும் எழுதி வச்சுக்கிறேன். உங்க பேரையும் சேத்துத்தான்."