இருங்காட்டுக்கோட்டை வரை

விடியற்காலை ஐந்தேகாலுக்கு அப்பா கன்னியப்பன் பஸ் டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு திரும்பி வந்தபோது, சசிரேகா தலைபின்னி முடித்துச் சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஓட்டும் முதல் பஸ்ஸிலேயே சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்கு விமானப் பொறியியல் படிப்புக்கான நேர்முகத் தேர்வு.

"வண்டி எடுக்கக் கூடாதுன்ட்டாங்கம்மா. ஒரு வண்டியும் போவாது" என்றார்.

முந்தின இரவு அவர்கள் ஊரான ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்துபோயிருந்தார். சத்தம் அவர்கள் வீட்டுக்கும் கேட்டது. வரவேற்புக்குப் பட்டாசு கொளுத்துகிறார்கள் என்றுதான் அம்மா சொன்னாள்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டியபடி வளர்ந்தவள் சசிரேகா. கையைக் கொஞ்சம் சாய்த்தால் காற்று அதை மேலே தூக்கும். ஏன் என்று கேட்டபோது அப்பா கையை உள்ளே வைக்கச் சொன்னார். காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த மூன்று வருஷமும், விமானம் பறப்பதைப் பற்றிய, வெளியே தராத நூலகப் புத்தகம் ஒன்றை மதியச் சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து நான்கு நோட்டுகளில் படங்களோடு எழுதி எடுத்திருந்தாள்.

"சைக்கிள் கீது. ஏறு" என்றார் கன்னியப்பன்.

கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. ரோட்டில் டயர் எரிந்த கரி. இருங்காட்டுக்கோட்டை தாண்டுவதற்குள் போலீஸ் நிறுத்தியது. சின்ன வயசுக் கான்ஸ்டபிள் ஒருவர் நேர்முகத் தேர்வுக் கடிதத்தை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு எந்தக் காலேஜும்மா தொறந்திருக்கும்? தள்ளி வச்சிருப்பாங்க. வூட்டுக்குப் போங்க."

"இருவது வருசமா ஊரையே ஏத்திக்கினு போறவன் சார் நானு" என்றார் கன்னியப்பன். சைக்கிளைத் திருப்பினார். தள்ளி வைத்திருப்பார்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னதைச் சசிரேகாவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாளே இருவரும் போனார்கள். கல்லூரி அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா பட்டியலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்கே நடந்துபோச்சும்மா. பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருந்தவங்க நடந்தே வந்துட்டாங்க. அவங்களோடயே சீட்டெல்லாம் முடிஞ்சிது."

"பஸ்ஸே இல்லியே சார்."

"தெரியும்மா. நானும் நடந்துதான் வந்தேன்." கோபமில்லாமல் சொன்னார். "எழுதிக் குடுத்துட்டுப் போ. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை ஒரு கட்டுக்கு அடியில் செருகினார். அந்தக் கட்டு ஏற்கெனவே தடிமனாக இருந்தது.

வெளியே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் மேடைமேல் மாணவர்கள் பார்ப்பதற்காக ஒரு பழைய பயிற்சி விமானத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒரு விமானத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் அப்போதுதான் பார்க்கிறாள். அப்பா மேடைமேல் ஏறிவிட்டார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்து, நெற்றியை அதில் அழுத்தி உள்ளே பார்த்தார்.

"ஸ்டீரிங்கே காணோமே பாப்பா. இன்னாத்தப் புடிச்சி ஓட்டுவாங்க?"

அவளுக்குத் தெரியும். ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவில் நிற்கும் தடியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். சான்றிதழ் உறையை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றாள். அப்பா திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் இடத்தைத் துடைத்துவிட்டு, அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.