மணி அடித்தும் எழவில்லை

ஓரகத்தியோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவதே பெரும்பாடு. ஒரே அலுவலகத்திலும் என்றால்? மூத்தவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்! கொழுந்தன் மனைவிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். வீட்டில் மாமியார் இளையவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவது போதாதென்று, இப்போது மேலாளரும் ஆட ஆரம்பித்திருந்தார்.

லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு 'சி' என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவது அவர்கள் வேலை. மேடையிலிருந்து எடை வரும்வரை நிரல், எடையைப் படிக்கும் 'ரீட்' என்ற அழைப்பில் காத்துக் கிடக்கும். கம்பி அறுந்தால் எடையும் வராது, நிரலும் நகராது. லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். இளையவள் இதற்கு ஒரு வழி செய்தாள். டைமர் வைத்து, நேரம் கடந்ததும் ஒரு சிக்னலை அனுப்பி ரீட்டை எழுப்பிவிடுவது. அது ஒழுங்காக ஓடினால் குழுத்தலைவி பதவி அவளுக்கு. மூத்தவள் வருடக்கணக்காகக் கண்வைத்திருந்த பதவி.

"அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். நேரம் ஆனதும் 'மணி அடித்தது'ன்னு திரையில வந்துடுது."

மூத்தவள் பார்த்தாள். பார்த்ததுமே தப்பு தெரிந்துவிட்டது. மணி அடித்ததைப் பார்த்தே இளையவள் ஏமாந்துவிட்டாள்! சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று அவள் நிரலில் பதிந்திருந்த விதத்தில், விழித்த ரீட்டைக் கணினியே திரும்பவும் காத்திருக்க அனுப்பிவிடும். 'மறுபடி தொடங்காதே' என்று சொல்லிப் பதிய வேண்டும். மூத்தவளும் ஒரு காலத்தில் இதே இடத்தில் மூக்குடைபட்டவள்தான். இவளுக்கும் உடையட்டுமே!

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

மறுநாள் வாடிக்கையாளர் முன்னால் மேலாளர் கம்பியைப் பிடுங்கிக் காட்டினார். 'மணி அடித்தது' என்றது திரை. நிரல் அசையவில்லை. மூத்தவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"நிரல்ல கோளாறா?" என்றார் மேலாளர்.

"இருக்காது சார். அக்கா பாத்துட்டாங்க, அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. வேற ஏதோதான்..." என்றபடி இளையவள் மேசைக்கடியில் புகுந்து கம்பிகளைத் தடவ ஆரம்பித்தாள்.

மூத்தவளின் முகம் சுண்டிப்போயிற்று. விசைப்பலகையை இழுத்து, பதிவை மாற்றி, மறுபடி ஓட்டினாள். இந்த முறை மணி அடித்ததும் ரீட் வெளியே வந்தது. கம்பியைச் சரிபார்க்கச் சொன்னது திரை.

"இதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது! தலைமை இனி உங்களுக்குத்தான்," என்றார் மேலாளர்.

எல்லோரும் போனபிறகு இளையவள் கேட்டாள்: "நேத்தே தெரியுமா, அக்கா?"

"தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். வீட்லயும்தான்," என்று சொல்லிவிட்டு இளையவள் தன் இடத்துக்குப் போனாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். பதவி கைக்கு வந்தும், இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாளே என்று மூத்தவளுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.