மருந்துக்கும் இல்லாத தூக்கம்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் தையல் ஆலைப் பெண்கள் வைத்த பெயர் பச்சிலை. வாசலில் அவளை இறக்கிவிடும் இரண்டு நிமிடத்தில் நாலு பேருக்காவது ஆரோக்கிய உபதேசம் செய்துவிட்டுத்தான் போவார்.

ஐந்தரைக்குக் கீரைச் சாறு, ஏழுக்கு முளைகட்டிய பயறு, பதினொன்றுக்கு இஞ்சித் தண்ணீர், மாலையில் பூங்காவில் வெறுங்காலோடு நடை. மனிதர் பளபளவென்றுதான் இருந்தார், பொய் சொல்லக்கூடாது. கீரையை ஆய்வது, அரைப்பது, வடிகட்டுவது, டப்பாவில் அடைப்பது எல்லாம் என் தங்கை. அதற்கு அவள் நாலு மணிக்கே எழ வேண்டும். அவர் பூங்காவில் காற்று வாங்கும்போது இவள் மறுநாளுக்கு இஞ்சி சீவிக்கொண்டிருப்பாள். இயற்கை வாழ்க்கை எவ்வளவு சுலபம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் காலர் தைக்கும்போது கண் அசந்து ஊசி அவள் விரலில் இறங்கியது. இந்த வாரம் மறுபடியும். இன்னொரு தடவை நடந்தால் வேலையை விட்டே எடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக அவள் உட்காரும் மிஷின் அது.

கிளினிக்கில் நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே தூக்கமெல்லாம் எப்படி என்று கேட்டார்.

“மருந்துக்கும் இல்லீங்க,” என்றாள் தங்கை.

பக்கத்தில் நின்ற பச்சிலை பதறிப்போனார். “தூக்கத்துக்கு மருந்தெல்லாம் வேணாங்க. ஒரு வேர் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து இடிச்சுக் குடிச்சா போதும்.”

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் இதையெல்லாம் யார் இடிப்பது என்று கேட்டார். அவர் பெருமையோடு மனைவியைக் காட்டினார்.

“ஒரு மாசத்துக்கு ஆறரைக்கு முன்னாடி இவங்களை எழுப்பாதீங்க,” என்று சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தார் நர்ஸ்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு என் போன் அடித்தது. பச்சிலைதான். மிக்சி மூடியை எந்தப் பக்கம் திருப்பினால் பூட்டும் என்று தெரியவில்லையாம். மூன்று வருட ஆரோக்கிய வாழ்க்கையில் அன்றுதான் மிக்சியைத் தொடுகிறார். அவளை எழுப்பிக் கேட்டுக்கொள்ளட்டுமா என்றார்.

“பல்லு இருக்குல்ல தம்பி? மென்னு தின்னுங்க. அவளை எழுப்பினீங்கன்னா நான் கிளம்பி வரவேண்டியிருக்கும்.”

அன்று தங்கை விரல் கட்டோடு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை ஒரு கொட்டாவி விடவில்லை. அவளை எழுப்பாதீங்க என்ற ஒரு வரியை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆயிருக்கிறது என்று நினைத்தபோது, அவர் மேல் இருந்ததைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.