சார்ஜ் குடிக்கும் வண்டி

பார்சல் கம்பெனியின் பேட்டரி ஆட்டோ ஒன்றை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். காலையில் மூத்தவர்; மதியத்துக்கு மேல் அவருடைய தங்கை கணவன். மூத்தவருக்குக் கடைவீதி, சமதளம். மாப்பிள்ளைக்கு மேம்பாலமும் மேட்டுத் தெருக்களும்.

சில வாரங்களாக வண்டி மாப்பிள்ளை கையில் சார்ஜ் தீர்ந்து பாதி வழியில் படுத்துக்கொண்டது. வண்டிகள் நிற்கும் யார்டில் அவனுக்கு ‘உறிஞ்சி’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“என்னப்பா உறிஞ்சி, கரண்டை ஸ்ட்ரா போட்டா குடிக்கிற?”

“மச்சான் ஓட்டுனா முயல் மாதிரி போகுது. என் கைக்கு வந்தா எருமையாயிடுது. நான் என்ன பண்ண?” என்று அவனும் சிரித்து வைப்பான்.

மூத்தவருக்குத்தான் சிரிப்பு வராது. சீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் பெட்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. உள்ளே அவர் வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய டைல்ஸ். மூன்று மாடி சுமக்கச் சோம்பல்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று அங்கேயே தங்கிவிட்டது. மனைவி கேட்டால், “கடையில பத்திரமா இருக்கு” என்பார். ஏற்றத்தில் கனம் சார்ஜைத் தின்னும் என்று தெரியாதவரில்லை. வண்டி முதன்முறை நின்ற அன்றே இறக்கியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எல்லார் எதிரிலும், “ஆக்ஸிலரேட்டரை அப்படி முறுக்காதீங்க மாப்ளே” என்று புத்தி சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பெட்டியைத் திறக்க மனசு வரவில்லை.

ஒருநாள் யார்டு மேனேஜர் அம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“நாளையிலேர்ந்து குடோன்ல லோடு இறக்குங்க தம்பி. வண்டிய வேற ஆளுக்குத் தரேன்.”

அவன் முகம் செத்துவிட்டது. முதுகில் ஆபரேஷன் ஆனவன். மூட்டை தூக்கக் கூடாது என்றுதான் வண்டிக்கே வந்தான்.

“ஒரே ஒரு தடவை பாலத்துல ஏத்திக் காட்டறேன் மேடம். காலி வண்டியா.”

பார்சல்களை இறக்கினார்கள்.

“மச்சான், பெட்டிச் சாவியக் குடுங்க. ஜாக்கி கீக்கி இருந்தா அதையும் எடுத்துடலாம்.”

“அதுல ஒண்ணுமில்ல” என்றார் மூத்தவர்.

மாப்பிள்ளை ஏறி இறங்கி வந்தான். மேனேஜர் சார்ஜ் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “காலியாவே இவ்ளோ குடிக்குதே!”

“வண்டி மேல தப்பில்ல மேடம், என் கைதான்” என்றவன், மூத்தவர் பக்கம் திரும்பினான். “உங்க பேரையும் கெடுத்துட்டேன் மச்சான். மன்னிச்சுக்குங்க.”

மூத்தவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பெட்டிப் பூட்டைத் திறந்தார். முதல் டைல்ஸ் பெட்டி தரையில் இறங்கியதும் யார்டில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது. பழக்கதோஷத்தில் மாப்பிள்ளை ஒரு கை கொடுக்கக் குனிந்தான்.

“நீங்க தூக்காதீங்க” என்றார் மூத்தவர்.

“அப்ப உறிஞ்சி அவரில்லையா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

“நாளைக்கு குடோனுக்கு நீங்க வாங்க” என்றார் மேனேஜர். மூத்தவர் தலையை ஆட்டினார்.

மற்றவர்கள் பார்சல்களை மறுபடி ஏற்றியதும், மாப்பிள்ளை வண்டியில் உட்கார்ந்து, மூத்தவர் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

“பெட்டிச் சாவி.”