இந்த வாரம் ஆராதனை இல்லை

வீட்டுக் கூடத்திலேயே சபையைத் தொடங்கலாமா என்று கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "அதுக்கென்ன, தாராளமா!" என்று உடனே தலையாட்டியவள் அவள்தான். அதனால் இப்போது யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கணவன் வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அடுத்தவர் மூக்கின்மேல் கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்து, "இப்ப தெளிவாத் தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் ஞாயிறு வந்தவர்கள் ஐந்து பேர். ஒன்பது மாதத்தில் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். கூடம் மட்டும் அதே கூடமாகவே இருந்தது.

சனிக்கிழமை மதியமே சோபாவை நிமிர்த்திப் படுக்கையறைக்குள் தள்ள வேண்டும். சாப்பாட்டு மேசை பால்கனிக்குப் போகும். செவ்வாய் ஜெபக் கூட்டம், வியாழன் வேதபாடம், சனி பாட்டுப் பயிற்சி. ஞாயிறு ஆராதனை முடியும்வரை அவர்களுடைய கட்டிலில் கைப்பைகளும் குடைகளும், தூங்கிப்போன ஒன்றிரண்டு குழந்தைகளும் கிடக்கும். இருபத்திரண்டு பேருக்கும் காபி கலக்கிக்கொண்டே, அடுப்படியிலிருந்து அரைக் காதால் பிரசங்கம் கேட்பாள். வந்தவர்கள்மேல் அவளுக்குத் துளி கசப்பு கிடையாது. "பெலன் கொடும் ஆண்டவரே" என்றுதான் தினமும் கேட்டாள். கிடைத்தது என்னவோ இடுப்புவலி.

அந்தச் சனிக்கிழமை கூடத்தில் பாட்டுப் பயிற்சி அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. துணியை ஊறவைக்கலாம் என்று குளியலறைக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் அவளுடைய மகள் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது.

"இங்க என்னடி பண்ற?"

"திங்கக்கிழமை பரீட்சைம்மா. வீட்ல இந்த ஒரு இடத்துலதான் யாரும் ஜெபம் பண்ண வரமாட்டாங்க."

மகள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இருக்கிற நிலவரத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் தாயின் நெஞ்சில் போய்த் தைத்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பியதும் கைபேசியை எடுத்து, சபையின் குழுவில் மளமளவென்று தட்டினாள்: "இந்த வாரம் ஆராதனை இல்லை. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக." அனுப்பிய கையோடு, யாராவது கூப்பிட்டுக் காரணம் கேட்பார்களோ என்று கைபேசியை அணைத்துவிட்டாள்.

கணவன் அதைப் பார்க்கவில்லை. பிரசங்கம் தயாரிக்கும் சனிக்கிழமை சாயங்காலங்களில் கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகே எடுப்பது அவன் வழக்கம். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனாள். இரண்டு தடவையும், "காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

காலையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். இருபத்திரண்டு நாற்காலிகளையும் வரிசை பிசகாமல் போட்டான். ஒன்பதரைக்கு ஆராதனை தொடங்க வேண்டும். ஒன்பதே முக்கால் ஆயிற்று, ஒருவரையும் காணோம். சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தவன் கடைசியில் அவள் முன்னால் வந்து நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"போன வாரம் நான் பேசினதுல யார் மனசாவது புண்பட்டுச்சா? எல்லாருமே சேர்ந்து வராம இருக்காங்களே!"

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் வரவேணாம்னு சொல்லிட்டேன்" என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவன் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, 'ஜெபம் பண்ணி முடிவெடுப்போம்'னு சொல்வீங்க. அந்த ஜெபத்துக்கும் நாலு பேர் வருவாங்க. நான் காபி போடணும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது; கோபமும் இருந்தது. இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் மகளைப் பார்த்தான். வக்கீல் அதற்காகவே காத்திருந்தவள்போல எழுந்தாள்.

"ஏழு நாள்ல ஒரு நாள் ஓய்வுன்னு நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க? நம்ம வீட்ல அது எந்தக் கிழமை?"

அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். அந்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்தான். ஆறடி மனிதன், முழங்கால் முகவாயில் இடித்தது. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "நீ சொல்லாம செஞ்சது எனக்கு வலிக்குது. ஆனா என்கிட்ட சொல்ல முடியாத மாதிரி உன்னை நான் வெச்சிருந்தேன் பாரு, அது அதைவிட வலிக்குது" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி ஓரமாகப் போட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மூன்று பேர். நர்ஸ் அக்கா ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு நின்றாள். ரொட்டிக்கடைக்காரர் கையில் சூடு ஆறாத இரண்டு ரொட்டிகள். அவருக்குப் பின்னால், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று நர்ஸ் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். "ராத்திரியெல்லாம் உங்க ரெண்டு பேர் நம்பருக்கும் அடிச்சு அடிச்சுப் பார்க்கிறோம், ரெண்டும் அணைச்சே கிடக்கு. எங்களுக்கு உசிரே இல்ல!"

இவள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. இவ களைச்சுப் போயிட்டா. வீடும் களைச்சுப் போச்சு. எனக்குத்தான் தெரியல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, மானம் போச்சு என்று நினைத்தாள்.

"அப்பாடா!" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"என்னது, அப்பாடாவா?" என்று நிமிர்ந்தாள் அவள்.

டீச்சர்தான் விஷயத்தை அவிழ்த்தாள். அவள் வேலை செய்யும் டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறை ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. முதலாளியிடம் அவள் கேட்டுச் சம்மதம் வாங்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. "ஆனா யார் வந்து சொல்றது? நீங்க எவ்வளவு ஆசையா வீட்டைத் திறந்து வெச்சிருக்கீங்க! 'இடம் பத்தல'ன்னு சொன்னா உங்க மனசு உடைஞ்சு போயிடுமேன்னு இந்த அக்காதான் எங்க வாயை அடைச்சு வெச்சிருந்தாங்க."

"ஆமாம்மா, பாவம் நீன்னு நினைச்சு நாங்க வந்தோம்" என்றாள் நர்ஸ் அக்கா.

"பாவம் நீங்கன்னு நினைச்சு நான் கதவைத் திறந்தேன்" என்றாள் இவள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. நர்ஸ் அக்கா அவளை அணைத்துக்கொண்டாள். சும்மா விடாமல் ரத்த அழுத்தமும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஆராதனை நடக்கவில்லை. ஆறு பேரும் பால்கனியில் கிடந்த சாப்பாட்டு மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். காபியை ரொட்டிக்கடைக்காரர் போட்டார், கொஞ்சம் கசப்பு. ஆனாலும் இவள் இரண்டு தம்ளர் குடித்தாள். வந்தவர்கள் போன பிறகு கணவனும் மனைவியும் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, வெயில் தாழும்வரை தூங்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்து நாற்காலிகளெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்கு இடம் மாறின. சுவர் முழுக்கச் சாலை விதிகளின் படங்கள். 'வேகம் குறைக்கவும்' என்ற பலகைக்குக் கீழே நின்று கணவன் பிரசங்கம் செய்தான். அவள் கடைசி வரிசையில், மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் எதையும் கலக்க வேண்டியதில்லை. சபை தொடங்கிய பிறகு முதல்முறையாக அவனுடைய பிரசங்கத்தை ஆதியோடந்தமாகக் கேட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவன் ஆவலாகத் திரும்பினான். "எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "கடைசிக் கால் மணி நேரத்தை மட்டும் வெட்டிடுங்க."